டெபக் கார்டில் எண் வரவில்லை என்றால் ஸ்லாட் போச்சா?

போன இதழில் ‘டிஸ்ப்ளே வரவில்லை’ என்ற புகாருக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் டெபக் கார்டு (மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகினால், கம்ப்யூட்டர் எழும்போது எங்கே நிற்கிறது என்பதை எண்ணாகக் காட்டும் சின்ன கார்டு) என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டீர்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். பிரின்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: அண்ணா, புதிதாக சர்வீஸ் கடை போட்டிருக்கிறேன். ஆன்லைனில் ஒரு பிசிஐ டெபக் கார்டு வாங்கினேன். ஒரு ஜி41 போர்டில் போட்டுப் பார்த்தேன். முதல் பிசிஐ ஸ்லாட்டில் எண்கள் ஓடிக்கொண்டே வந்து பாதியில் நின்றுவிடுகின்றன, ஆனால் விண்டோஸ் திறக்கிறது! இரண்டாவது ஸ்லாட்டில் வெறும் கோடு மட்டும்தான், பவர் விளக்குகள் எரிகின்றன. ஸ்லாட் இரண்டும் போச்சா, கார்டு போச்சா? (ஒரு வாசகர், தேனி)

பதில்: தம்பி, கஸ்டமருக்கு போன் போட்டு ‘ஸ்லாட் போயிருச்சு’ என்று சொல்வதற்கு முன்னால் இந்தப் பதிலைப் படித்துவிடுங்கள். உங்கள் முதல் ஸ்லாட் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

கார்டு வந்த பெட்டியில் ‘மதர்போர்டு டெஸ்டர்’ என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். உண்மையில் அது எதையும் டெஸ்ட் செய்வதில்லை. பவர் கொடுத்ததும் பயோஸ் (கம்ப்யூட்டரை எழுப்பிவிட போர்டிலேயே இருக்கும் புரோகிராம்) ஒவ்வொரு வேலையைத் தொடங்கும்போதும் 80 ஹெக்ஸ் என்ற போர்ட்டில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போகும். 1984-இல் ஐபிஎம் ஏடி வந்த காலத்துப் பழக்கம் இது. உங்கள் கார்டு பஸ்ஸில் (ஸ்லாட்டுகளை இணைக்கும் பொது லைன்களில்) அந்த எழுத்து போவதை ஒட்டுக்கேட்டு, இரண்டு இலக்கத்தில் காட்டுகிறது. அது யாரையும் கேள்வி கேட்பதில்லை, யாருக்கும் பதில் சொல்வதும் இல்லை.

உங்கள் முதல் ஸ்லாட் விஷயம் இங்கேதான் இருக்கிறது. பயோஸ் ஒவ்வொரு பிசிஐ ஸ்லாட்டையும் ‘யார் இருக்கிறீர்கள்’ என்று விசாரிக்கும். லேன் கார்டு, சவுண்டு கார்டு எல்லாம் பெயர் சொல்லும். டெபக் கார்டு வாயைத் திறக்காது. அதனால் பயோஸ் அந்த ஸ்லாட் காலி என்றே நினைத்துக்கொள்ளும். காலி ஸ்லாட்டுக்குப் போகும் கிளாக்கை (கார்டுக்குத் தாளம் போடும் துடிப்பை) நிறுத்திவிடும் வசதி நிறைய போர்டுகளில் உண்டு. அலை இரைச்சலைக் குறைப்பதற்காக வைத்தது. பயோஸ் செட்டப்பில் ‘ஆட்டோ டிடெக்ட் பிசிஐ கிளாக்’ என்றோ, ‘ஆட்டோ டிஸேபிள் டிம்/பிசிஐ ஃப்ரீக்வென்சி’ என்றோ இருக்கும். கிளாக் நின்ற நொடியில் கார்டு எந்த எண்ணைப் பிடித்ததோ அதையே காட்டிக்கொண்டு நிற்கும். பயோஸ் தன் பாட்டுக்கு மேலே போய் விண்டோஸைத் திறந்துவிடும். எண் நிற்கிற அதே நேரத்தில் கார்டில் உள்ள கிளாக் விளக்கும் அணைகிறதா என்று கவனியுங்கள். அணைந்தால் சந்தேகமே வேண்டாம். செட்டப்பில் அந்த வசதியை டிஸேபிள் செய்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். எண் கடைசி வரை ஓடும்.

இரண்டாவது ஸ்லாட் கதை வேறு. அங்கே முதலிலிருந்தே எதுவும் வரவில்லை. பிசிஐயில் விலாசமும் டேட்டாவும் போகும் 32 லைன்கள், ஃபிரேம், ஐஆர்டிஒய் போன்ற கட்டுப்பாட்டு லைன்கள் எல்லாமே எல்லா ஸ்லாட்டுக்கும் பொது. ஒரே தெருக்குழாயிலிருந்து எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வருகிற மாதிரி. முதல் ஸ்லாட்டில் எண் ஓடுகிறது என்றால் பொது லைன்களில் பெரிய கோளாறு இல்லை. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனியாக வருவது கிளாக், ஐடிசெல் (பயோஸ் அந்த ஸ்லாட்டைத் தனியாக விசாரிக்கும் லைன்), ரெக்வெஸ்ட், கிராண்ட் (பஸ்ஸைக் கேட்கவும் கொடுக்கவும் உள்ள லைன்கள்) ஆகியவைதான். இவற்றில் உங்கள் கார்டுக்குத் தேவையானது கிளாக் ஒன்று மட்டும். பவர் விளக்குகள் எரிகின்றன என்று எழுதிய நீங்கள், கிளாக் விளக்கு எரிந்ததா என்று எழுதவில்லை. அதுதான் எனக்கு முக்கியம்.

எரியவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். ஸ்லாட்டின் பின்களை கேபினெட்டின் பின்பக்கத் தகடு இருக்கும் முனையிலிருந்து எண்ண வேண்டும். எது ஏ வரிசை, எது பி வரிசை என்று குழப்பமாக இருந்தால், எந்த வரிசையின் முதல் பின்னில் மைனஸ் 12 வோல்ட் வருகிறதோ அதுதான் பி. கிளாக் பி16-இல் இருக்கிறது. டிசி வோல்ட்டில் வைத்துத் தொட்டால், 33 மெகாஹெர்ட்ஸ் ஓடும் லைனில் சராசரியாக 1.6 வோல்ட் பக்கம் காட்டும். ஆசிலாஸ்கோப் இல்லாத கடைக்கு இது போதும். பூஜ்யமோ, அசையாத 3.3 வோல்ட்டோ காட்டினால் கிளாக் வரவில்லை. அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். கிளாக் ஐசி பக்கத்தில் 22 அல்லது 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஸ்லாட்டுக்கு ஒன்றாக இருக்கும். எள்ளளவு சைஸ். ஸ்க்ரூ டிரைவர் நழுவி அது பெயர்ந்து போயிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிளாக் பின்னுக்கு இரண்டு பக்கமும் கிரவுண்டுதான், கை கொஞ்சம் நழுவினாலும் பரவாயில்லை. ஏ15-இல் இருக்கும் ரீசெட்டைத் தொடும்போது அந்த தைரியம் வேண்டாம். ஒரு பக்கம் ஸ்டாண்ட்பை 3.3 வோல்ட், மறுபக்கம் பஸ்ஸின் சப்ளை வோல்ட்டேஜ். ரீசெட்டைப் பார்க்க மீட்டரே தேவையில்லை, கார்டு விளக்கு போதும். பவர் போட்டதும் ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் போர்டு ரீசெட்டை விட்டு வெளியே வரவேயில்லை. ஸ்லாட்டை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸின் (பவர் சப்ளை பெட்டியின்) பவர்குட் சிக்னலைப் பாருங்கள்.

கிளாக் விளக்கும் எரிந்து, எண் மட்டும் வரவில்லை என்றால், பவரைப் பிடுங்கிவிட்டு மீட்டரை பீப்பில் வையுங்கள். முதல் ஸ்லாட்டின் ஏ34-க்கும் (ஃபிரேம்) இரண்டாவதின் ஏ34-க்கும், அப்புறம் இரண்டின் பி35-க்கும் (ஐஆர்டிஒய்) பீப் வர வேண்டும். வராத இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மடங்கிப்போன பின், அல்லது பச்சைப் பூஞ்சை.

இன்னொன்று. எண் கடைசி வரை ஓடிவிட்டது, அதனால் ஸ்லாட் சுத்தம் என்றும் நினைக்காதீர்கள். ஐடிசெல், ரெக்வெஸ்ட், கிராண்ட், இன்டரப்ட் எதையும் அந்தக் கார்டு தொடுவதே இல்லை. 32 டேட்டா லைன்களில் எண் வருவது 8 லைனில்தான். என் மேசை டிராயரில் 8139 சிப் போட்ட பழைய ரியல்டெக் லேன் கார்டு ஒன்று எப்போதும் கிடக்கும். ஸ்லாட்டில் அதைச் செருகி, விண்டோஸ் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்து, நெட்வொர்க்கில் ஒரு பெரிய ஃபைலைக் காப்பி போடுவேன். கண்டுபிடித்தால் ஐடிசெல் சரி. காப்பி திக்காமல் முடிந்தால் ரெக்வெஸ்ட், கிராண்ட், இன்டரப்ட், டேட்டா லைன்கள் எல்லாம் சரி. பிசிஐ ஸ்லாட்டுக்கு நான் நம்புகிற டெஸ்டர் அதுதான்.

*

கேள்வி: சார், நான் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. சர்வீஸ் பார்க்க வந்தவர் ஒரு கார்டைச் செருகி, “சி1 காட்டுது, மதர்போர்டு மாத்தணும்” என்கிறார். நம்பலாமா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உடனே மாற்றாதீர்கள் அம்மா. அது அவார்ட் பயோஸ் உள்ள பழைய போர்டு என்றால், சி1 என்பது பயோஸ் ரேமைத் தேடிக்கொண்டிருக்கும் இடம். அங்கேயே நிற்கிறது என்றால் ரேம் கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் ரேமைக் கழற்றித் துடைத்துப் போடச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்து ஸ்லாட்டில் மாற்றிப் போடச் சொல்லுங்கள். அதிலும் வரவில்லை என்றால் அவரிடம் இருக்கும் வேறு ஒரு நல்ல ரேமைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் சி1 என்றால்தான் போர்டு பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது எந்த பயோஸ்?” அவார்ட், ஏஎம்ஐ, ஃபீனிக்ஸ் மூன்றுக்கும் எண் அட்டவணை வேறு வேறு. அது தெரியாமல் எண்ணைப் படிப்பது கைரேகை பார்ப்பதற்குச் சமம். புதிய ஏஎம்ஐ பயோஸில் ரேம் இல்லை என்பதற்கு எண் 55. திரைக்குப் படம் அனுப்ப ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு டி6.

எஃப்எஃப் என்ற எண்ணில் மட்டும் எல்லாருமே தடுக்கி விழுகிறார்கள். அவார்டில் எல்லாம் முடிந்து ஹார்டு டிஸ்க்கிடம் ஒப்படைக்கும்போது வருவதும் எஃப்எஃப். பிராசஸர் உயிரே பெறாமல் ஒரு எண்கூட எழுதாதபோது பல கார்டுகள் காட்டுவதும் அதே எஃப்எஃப். நடுவில் வேறு எண்கள் ஓடினவா என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். அதனால் கார்டைப் பார்க்கிறவர் பவர் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

*

கேள்வி: அண்ணா, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் பி450 போர்டில் பழைய பிசிஐ ஸ்லாட் கிடையாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 ஸ்லாட்டில் போடுகிற டெபக் கார்டு வாங்கினேன். பிசி நன்றாக ஓடுகிறது, ஆனால் கார்டு ஒன்றுமே காட்டவில்லை. இன்னொரு விஷயம், என் கிராஃபிக்ஸ் கார்டு எக்ஸ்16 ஸ்லாட்டில் இருந்தும் ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் புரோகிராம்) எக்ஸ்8 என்று காட்டுகிறது. ஸ்லாட்டில் பாதி செத்துவிட்டதா? பிராசஸர் ரைசன் 3 2200ஜி. (ஒரு மாணவர், திருச்சி)

பதில்: முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம், தம்பி: காசு போனது போனதுதான். பிசிஐ எக்ஸ்பிரஸ் பழைய பிசிஐ மாதிரி எல்லாரும் கேட்கிற பொது லைன் இல்லை. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனி லிங்க். இரண்டு முனையும் பேசி ஒத்துப்போன பிறகுதான் அதில் எதுவும் போகும். பயோஸ் முதல் எண்களை எழுதும்போது அந்த லிங்க் எழுந்தே இருக்காது. எழுந்த பிறகும், 80 ஹெக்ஸுக்குப் போகும் எழுத்தை சிப்செட் பெரும்பாலும் எல்பிசி (போர்டுக்குள்ளேயே இருக்கும் வேறொரு பஸ்) பக்கம் திருப்பிவிடும், ஸ்லாட்டுக்கு வராது. அதனால் கார்டு ஊமையாக இருப்பதை வைத்து எக்ஸ்1 ஸ்லாட்டை எதுவும் சொல்ல முடியாது. போர்டின் ஓரத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருந்தால், அந்த வேலைக்கு அவையே போதும்.

இரண்டாவது கேள்வி சுவாரசியமானது. உங்கள் ஸ்லாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2200ஜி, 2400ஜி, 3200ஜி, 3400ஜி ஆகிய உள்ளே கிராஃபிக்ஸ் இருக்கும் ரைசன்கள் கிராஃபிக்ஸ் ஸ்லாட்டுக்கு 8 லேன் (டேட்டா போகும் பாதை, லேன் கார்டின் லேன் இல்லை; எக்ஸ்8 என்றால் 8 லேன்) மட்டுமே தருகின்றன. போர்டு எவ்வளவு விலையானாலும் இதுதான் கிடைக்கும். அதே மாதிரி சில கார்டுகளே குறைவான லேனோடு பிறந்தவை: ஜிடி 1030 எக்ஸ்4, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி எக்ஸ்4, ஆர்எக்ஸ் 6600 எக்ஸ்8. போர்டில் கீழே இருக்கும் நீள ஸ்லாட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நீளம் எக்ஸ்16 இருக்கும், உள்ளே பின்கள் பாதி தூரம்கூடப் போகாது. அது எக்ஸ்4. இதைத் தெரியாமல் போர்டை ரிட்டர்ன் அனுப்பினவர்கள் உண்டு.

எதை வைத்துத்தான் ஸ்லாட்டைச் சந்தேகப்படுவது? பிராசஸர், கார்டு, ஸ்லாட் மூன்றில் எதற்கு லேன் குறைவோ, அந்த எண்ணிக்கை வர வேண்டும். அதற்கும் கீழே வந்தால் கோளாறு. ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும். அதை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகத்தை பிசிஐ எக்ஸ்பிரஸ் 1.1-க்கு இறக்கிவிடும், லோடு கொடுத்ததும் 3.0-க்கு ஏற வேண்டும். வேகம் ஏறி இறங்குவது இயல்பு. எக்ஸ்8 வர வேண்டிய இடத்தில் லோடு கொடுத்தும் எக்ஸ்4, எக்ஸ்1 என்று உட்கார்ந்திருந்தால்தான் பிரச்சினை. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் சூடோ போட்டு எல்எஸ்பிசிஐ -விவி (sudo lspci -vv) கொடுத்தால் லிங்க்கேப் (LnkCap) என்ற வரியில் கார்டின் சக்தியும், லிங்க்ஸ்டா (LnkSta) என்ற வரியில் இப்போது கிடைப்பதும் வரும்.

போன வாரம்கூட எக்ஸ்16 வர வேண்டிய ஒரு மெஷின் எக்ஸ்4 காட்டிக்கொண்டு கடைக்கு வந்தது. கேம் ஆடும்போது திக்குகிறது என்று புகார். கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிப் பார்த்தால், தங்கக் கால்களில் நடுவாக்கில் மூன்று நான்கின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. சிபியு கூலர் மாற்றியபோது விரலில் ஒட்டிய தெர்மல் பேஸ்ட், அதே விரலால் கார்டைப் பிடித்ததில் வந்து ஒட்டியிருக்கிறது. முதல் நான்கு லேன் நன்றாக இருந்ததால் லிங்க் எக்ஸ்4-ஆக எழுந்துகொண்டது. படம் வரத்தான் செய்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. துடைத்துப் போட்டதும் எக்ஸ்16 வந்துவிட்டது.

ஒரு கார்டைத் தூக்கிக் காட்டி ‘இது பிசிஐ எக்ஸ்பிரஸ் டெஸ்டர்’ என்று விற்றால், அது ஸ்லாட்டின் 12 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் அளந்து, லிங்க் வேகத்தைக் காட்டி, டேட்டா அனுப்பித் திரும்ப வாங்குகிறதா என்று கேளுங்கள். பாஸ்மார்க் போன்றவர்கள் அப்படிப்பட்ட கார்டு விற்கிறார்கள். தொழிற்சாலைக்கும் பெரிய சர்வீஸ் சென்டருக்கும் சரி, உங்களுக்கும் எனக்கும் ஒரு எக்ஸ்1 லேன் கார்டே போதும்.

*

கேள்வி: ஒரு பக்கம் பிசிஐ, மறுபக்கம் ஐஎஸ்ஏ (பிசிஐக்கு முந்தைய பழைய ஸ்லாட்) கால் உள்ள பழைய டெபக் கார்டு கிடைத்தது. மில்லில் ஒரு மெஷினின் கன்ட்ரோல் கம்ப்யூட்டரில் ஐஎஸ்ஏ ஸ்லாட் இருக்கிறது. போடலாமா? மைனஸ் 5 விளக்கு மட்டும் எரியாது என்கிறார்கள். (ஒரு மெயின்டனன்ஸ் ஃபோர்மேன், கோவை)

பதில்: போடலாம், ஆனால் பக்கம் பார்த்து. பிசிஐ காலில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் தப்பாகப் போட்டால் இறங்காது, இரண்டு வெட்டு இருந்தால் அங்கேயும் பக்கம் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஏ காலுக்கு அந்தக் காவல் இல்லை. டெபக் கார்டில் பின்தகடும் கிடையாது, திருப்பிப் போட்டாலும் சுகமாக இறங்கிவிடும். இறங்கியபின் பவர் போட்டால் கார்டோடு போர்டும் போகலாம். பக்கத்தில் ஏற்கெனவே செருகியிருக்கும் ஐஎஸ்ஏ கார்டு எந்தப் பக்கம் ஐசிகளை வைத்திருக்கிறது என்று பாருங்கள். கார்டில் ஐஎஸ்ஏ காலுக்கு மேல் எந்தப் பக்கம் எது என்று அச்சடித்திருப்பதையும் படியுங்கள்.

மைனஸ் 5 எரியாதது பழுது இல்லை. 2003-இல் வந்த ஏடிஎக்ஸ்12வி 1.3-இலிருந்தே எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வோல்ட்டேஜை எடுத்துவிட்டார்கள். மெஷினில் இருக்கும் ஏதாவது பழைய ஐஎஸ்ஏ கார்டு மைனஸ் 5 கேட்கிறதா என்பது தனிக் கேள்வி. எஸ்எம்பிஎஸ் மாற்றிய பிறகுதான் மெஷின் தகராறு செய்கிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

*

கேள்வி: ஸ்லாட்டையும் ரப்பர் வைத்துத் தேய்க்கலாமா? (ஒரு வாசகர், கடலூர்)

பதில்: கார்டின் காலை, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால், மெதுவாக. பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் தங்கப் பூச்சையே எடுத்துவிடும். ஸ்லாட்டுக்குள் ரப்பர், ஊசி, எமெரி பேப்பர் எதுவும் கூடாது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய பிரஷ், அப்புறம் காய வேண்டிய நேரம், அவ்வளவுதான். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்துவிட்டு வந்தவர்களுக்கு நான் சர்வீஸ் சார்ஜ் இரட்டிப்பாக வாங்குவேன்.

*

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் செகண்ட்ஹேண்ட் எச்61 போர்டு வாங்கப் போகிறேன். டெபக் கார்டைக் கையில் கொண்டுபோய் ஸ்லாட்டுகளைப் பார்த்து வாங்கலாமா? (ஒரு வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: கொண்டுபோங்கள், கடைக்காரருக்கு உங்கள் மேல் ஒரு மரியாதை வரும். அதைத் தாண்டி ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். எச்61 சிப்செட்டில் பிசிஐயே கிடையாது. 2011-இல் வந்த அந்த வரிசையில் இன்டெல் பெரும்பாலான சிப்செட்டுகளிலிருந்து பிசிஐயை எடுத்துவிட்டது. எச்61 போர்டில் பிசிஐ ஸ்லாட் இருந்தால் அது ஒரு பிரிட்ஜ் சிப் வழியாக வருவது. அந்தப் பிரிட்ஜ் தயாராகும் வரை கார்டு ஒன்றும் காட்டாமல் இருக்கலாம், கடைசி வரை காட்டாமலும் இருக்கலாம். அதை வைத்து விலை பேச முடியாது.

டெபக் கார்டோடு ஒரு எக்ஸ்1 லேன் கார்டும், பென் டிரைவில் லினக்ஸும், ஒரு சின்ன டார்ச்சும் எடுத்துப் போங்கள். டார்ச்சை எல்லா ஸ்லாட்டிலும் அடியுங்கள், ரேம் ஸ்லாட்டையும் சிபியு சாக்கெட்டையும் சேர்த்து. கடைக்காரரின் மேசையில் பென் டிரைவிலிருந்து பூட் பண்ணி, லேன் கார்டை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு எல்எஸ்பிசிஐயில் தெரிகிறதா என்று பாருங்கள். எக்ஸ்16 ஸ்லாட்டுக்கு அவர் கடையிலேயே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு கேட்டு வாங்கி, லிங்க்ஸ்டா வரியில் எக்ஸ்16 வருகிறதா பாருங்கள். ‘அதெல்லாம் நேரமாகும் சார்’ என்றால், அதே தெருவில் அடுத்த கடை இருக்கிறது.

ஒவ்வொரு முறை கார்டை மாற்றும்போதும் பவர் ஒயரைச் சுவரிலிருந்து உருவச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் ஒயர் இருக்கும்வரை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை போர்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். போர்டில் இருக்கும் சின்ன விளக்கு முழுசாக அணைந்த பிறகு கையை உள்ளே விடுங்கள்.